மாப்பிள்ளை, உங்கள் நம்பர் எவ்வளவு?

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மச்சான் எழுதுவது. இங்கே நான், என் வீட்டம்மா, என் நெஞ்சுக் குழாயில் டாக்டர் வைத்த ஸ்பிரிங் ஆகிய மூவரும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல மச்சான், நல்லாத்தான் இருக்கேன்" என்பீர்கள். அது எனக்கு மனப்பாடம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எப்படியும் என் தங்கச்சி உங்களிடம் சொல்லிவிடுவாள், அதைவிட என் வாயால் தெரிந்துகொள்வது எனக்குக் கௌரவம். மாரடைப்பு வந்து ஸ்பிரிங் வைத்து வீடு திரும்பிய பிறகு, எங்கள் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சுக்கு உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள் அல்லவா, அங்கே முதல் நாள் நான் செய்தது நெஞ்சுப் பயிற்சி இல்லை, பிரசவப் பயிற்சி. பயிற்சிக் கூடம் ஒன்றுதான், அதை நேரம் பிரித்து ஆளாளுக்குக் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது, நான் என் வழக்கப்படி சீக்கிரமே போய்விட்டேன், உள்ளே வரிசையாகப் பாய் விரித்திருந்தது, ஒரு பாய் காலியாக இருந்தது, காலியாக இருக்கிற எதையும் பார்த்தால் உட்கார்ந்துவிடுவது என் பழக்கம். சுற்றிலும் பெண்கள், எல்லோரும் நிறைமாதம். நான் என்ன நினைத்தேன் என்றால், ஐயோ பாவம், இந்த நிலைமையில் இத்தனை பேருக்கு மாரடைப்பு வந்திருக்கிறதே, காலம் எவ்வளவு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். முன்னால் நின்ற நர்ஸம்மா, "மூக்கால இழுங்க, வாயால மெதுவா விடுங்க, வயித்த இறுக்காதீங்க, உள்ள இருக்கிறவங்களுக்கு இடம் குடுங்க" என்றார். நானும் இடம் கொடுத்தேன். என் வயிறு அந்தக் கூட்டத்தில் வித்தியாசமாகத் தெரியவில்லை போலிருக்கிறது, வெகுநேரம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் நர்ஸம்மா என் பாயருகே வந்து குனிந்து, "அண்ணே, நீங்க யார்கூட வந்தீங்க?" என்றார். "தனியாத்தாம்மா வந்தேன்" என்றேன். பின்னாலிருந்து ஒரு பெண், "எத்தனை மாசம்ணே?" என்றாள். "ஸ்பிரிங் வெச்சு ரெண்டாவது மாசம்" என்று உள்ளதைச் சொன்னேன். கூடமே சிரித்தது, இரண்டு பேரை எழுப்பி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்போதும் வாசலில் பார்த்தால், "என்னண்ணே, இன்னும் ஆகலையா?" என்கிறார்கள்.

இதையெல்லாம் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், காரணம் நீங்கள்தான். உங்களுக்கு நெஞ்சைத் திறந்து வேலை பார்த்து, தையலும் ஆறி, டாக்டர் பயிற்சிக்குப் போகச் சொல்லி எழுதியும் கொடுத்த பிறகும் நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்று தங்கச்சி சொல்கிறாள். ஊரெல்லாம் மைக் செட் கட்டி, ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டியை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிய மனுஷன், இப்போது ரிமோட் கீழே விழுந்தால் எடுத்துத் தரச் சொல்லி அவளைக் கூப்பிடுகிறீர்களாம். அவள் குளிக்கப் போயிருந்தால், வரும்வரை பிடிக்காத சேனலையே பார்க்கிறீர்களாம். தும்மல் வந்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அனுமதி கேட்டுவிட்டுத் தும்முகிறீர்களாம். இதைப் போனில் பேசலாம் என்றால், நான் 'பயிற்சி' என்று ஆரம்பித்தாலே உங்கள் வீட்டில் சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். நீங்கள் பாதியில் மடித்து வைத்தாலும் தங்கச்சி மீதியைச் சத்தமாகப் படித்துவிடுவாள், அப்படித்தான் அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம், ஆகவே எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயம் நேராக இருக்கும்.

'இதய மறுவாழ்வுப் பிரிவு' என்று அங்கே கதவில் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்து வேறென்னவோ என்று பயப்பட வேண்டாம், பழைய வாழ்வேதான், பீடியைக் கழித்துக்கொண்டு கொடுக்கிறார்கள். உள்ளே போனதும் நெஞ்சில் நாலைந்து இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டி ஒயர் மாட்டி, ஒரு சின்னப் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிடுவார்கள். உங்கள் காலர் மைக் மாதிரியேதான் இருக்கும், நீங்கள் பார்த்ததும் "டெஸ்டிங், டெஸ்டிங்" என்று சொல்லிவிடாதீர்கள், நான் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஓடுகிற பெல்ட் மேல் நடக்க வேண்டும், எங்கேயும் போகாத சைக்கிளை மிதிக்க வேண்டும், ரப்பர் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். எல்லோருடைய நெஞ்சும் மூலையில் இருக்கிற டிவியில் கோடு கோடாக ஓடும், அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு சிஸ்டர் உட்கார்ந்திருப்பார். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு வயது நம் பிள்ளைகள் வயதுதான், கழுத்தில் விசில் தொங்கும், அதனால் விசில் டீச்சர் என்று பேர் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

என்னோடு படிக்கிறவர்களில் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஒருவர் ரிட்டையரான ஹெட்மாஸ்டர், பெல்ட்டில் நடக்கும்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வராந்தாவைச் சுற்றிவருகிற மாதிரி நடப்பார், டீச்சர் ஓடிவந்து கையைப் பிரித்துக் கைப்பிடியில் வைப்பார். இன்னொருவர் பஸ் கண்டக்டர் அக்கா. நான் சைக்கிளில் கொஞ்சம் ஓய்ந்தால் போதும், "என்னய்யா நடுரோட்டுல நிறுத்திட்ட, பின்னாடி வண்டி நிக்குதுல்ல?" என்பார். டீச்சர் ஒரு விசில் கொடுத்தால் எல்லோரும் நிற்போம், கண்டக்டர் அக்கா மட்டும் இரண்டாவது விசிலுக்காகக் காத்திருப்பார்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன், ரிமோட்டை வைத்துவிட்டுக் கேளுங்கள். அங்கே சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. ஆறிலிருந்து இருபது வரை நம்பர். ஏன் ஒன்றிலிருந்து இல்லை என்று கேட்டேன், டீச்சர் ஏதோ நாடித்துடிப்புக் கணக்கு சொன்னார், புரிந்த மாதிரி தலையை ஆட்டிவைத்தேன். நடந்துகொண்டிருக்கும்போது டீச்சர் பக்கத்தில் வந்து, "எவ்வளவு கஷ்டமா இருக்கு, நம்பர் சொல்லுங்க" என்பார். ஆறு என்றால் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி, இருபது என்றால் இதற்குமேல் ஒரு அடிகூட முடியாது. நாம் பன்னிரண்டு பதின்மூன்றில் இருந்தால் அவர்களுக்குத் திருப்தி. அவ்வளவுதான் பாடம், சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் எங்கள் வகுப்பில் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. ஹெட்மாஸ்டர் அதை மார்க் என்று நினைத்துக்கொண்டார். காலை வீசி வீசி நடந்து, "இருபதுக்கு இருபது!" என்று பெருமையாகச் சொன்னார், டீச்சர் பதறிப்போய் பெல்ட்டை நிறுத்தினார். "ஏம்மா, நல்லாத்தானே பண்ணேன், எங்க குறைச்சே?" என்று சண்டைக்கு வந்தார். கண்டக்டர் அக்கா எப்போது கேட்டாலும் "ரைட், போலாம்" என்பார். நம்பர் சொல்லுங்க என்றால், "ஃபுல் லோடு, ஆனா போலாம்" என்பார்.

என் கதை வேறு. நான் பழைய பைக் வாங்கி விற்கிற தரகன், வாழ்க்கையில் ஒரு நாளும் முதல் வாயிலேயே உண்மையான நம்பரைச் சொன்னதில்லை, சொன்னால் அது தொழிலுக்குச் செய்கிற துரோகம். எதிரில் இருக்கிறவர் ஒரு நம்பர் கேட்டால் என் நாக்கு தானாக வேறொரு நம்பரைத்தான் எடுக்கும். உள்ளபடி எனக்குப் பதினொன்று. பதினொன்று என்றால் டீச்சர் வேகத்தைக் கூட்டுவார், ஆகவே பதினெட்டு என்று ஆரம்பிப்போம், "என்னண்ணே இப்படிச் சொல்றீங்க, பாத்துச் சொல்லுங்க" என்பார், நான் முகத்தைச் சுருக்கிக்கொண்டு "உங்களுக்காகப் பதினாறு" என்பேன், அப்படியே இறங்கி இறங்கிப் பதின்மூன்றில் கைகுலுக்கலாம் என்று கணக்குப் போட்டு, "பதினெட்டு" என்றேன். மாப்பிள்ளை, அந்தப் பெண் பேரமே பேசவில்லை. பெல்ட்டை நிறுத்தி, என்னைக் கட்டிலில் கிடத்தி, பிரஷர் பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டு, டாக்டர் ஈசிஜி படம் எடுக்கச் சொல்லி, "எங்க வலிக்குது, எப்படி வலிக்குது" என்று சுற்றி நின்று கேட்கிறார்கள். "வலியெல்லாம் இல்ல டாக்டர், அது சும்மா ஆரம்ப விலை" என்றேன். டாக்டர் டீச்சரைப் பார்த்தார், டீச்சர் சுவரைப் பார்த்தார்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. அந்த பெல்ட்டுக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பைக் நிறுத்துமிடம், அங்கே நிறுத்தியிருந்த கறுப்பு வண்டி ஒன்றைப் பார்த்தேன், பழைய மாடல், பெட்ரோல் டாங்கில் ஒரு கீறல் கிடையாது, யாரோ பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள். டிவியில் என் கோடு துள்ளிக் குதித்ததாம். சிஸ்டர் எழுந்து ஓடிவந்து, "என்ன பண்ணுது, படபடன்னு இருக்கா?" என்றார். "சிஸ்டர், அந்த வண்டி யாரோடது, குடுப்பாங்களா?" என்றேன். மறுநாளிலிருந்து அந்த ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்கள்.

பதினெட்டு எடுபடவில்லை என்றதும், மறுபடி கட்டிலில் கிடத்திவிடக் கூடாதே என்று நான் எதிர்ப்பக்கம் போனேன். கேட்கும்போதெல்லாம் "ஏழு". இதுதான் வம்பாகப் போனது. ஏழு என்றதும் டீச்சர் வேகத்தைக் கூட்டினார், "இப்ப?" என்றார், "ஏழு" என்றேன், பெல்ட்டை மேட்டில் ஏறுகிற மாதிரி தூக்கிவிட்டார், "இப்ப?" "ஏழு". பக்கத்து சைக்கிளில் கண்டக்டர் அக்கா, "அடேங்கப்பா, எக்ஸ்பிரஸ் வண்டிதான்" என்றார், அதைக் கேட்டதும் இன்னும் வீறாப்பு வந்துவிட்டது. வியர்வை கண்ணில் இறங்குகிறது, திரையில் போட்டிருந்த பூவெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, நான் ஏழிலேயே நிற்கிறேன். டிவி கத்த ஆரம்பித்தது. டீச்சர் பெல்ட்டை நிறுத்தி என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். நான் மூக்கால் இழுத்து வாயால் விட்டேன், பிரசவ வகுப்பில் கற்றது வீண்போகவில்லை. திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணே, நான் உங்ககிட்ட வண்டி வாங்க வரல. நீங்க சொல்ற நம்பரை வெச்சுத்தான் நான் வேகம் வைக்கிறேன். பொய் நம்பர் சொன்னா எனக்கு ஒண்ணும் போகாது, ஓடறது உங்க நெஞ்சு" என்றார். அப்போது துணைக்கு வந்து சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் வீட்டம்மா, யாரிடமும் இல்லாமல் பொதுவாக, "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாரு. 'ஒண்ணுமில்ல, லேசா கேஸ்'னு" என்றாள்.

மாரடைப்பு வந்த அன்றைக்கு நடந்ததை நான் உங்களிடம் சிரிக்கச் சிரிக்கத்தானே சொல்லியிருக்கிறேன், சிரிப்பில்லாமல் ஒரு தடவை சொல்கிறேன். ஒரு வண்டியைச் சரிவில் தள்ளி ஷெட்டுக்குள் ஏற்றினேன், நெஞ்சின் மேல் அந்த வண்டியையே நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. அவள் வந்து, "என்னங்க, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். "ஒண்ணுமில்ல, லேசா கேஸ்" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்றாள். "கேஸுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனா சிரிப்பாங்க" என்றேன். அந்த 'லேசா'தான் ஆம்புலன்ஸில் என்னோடு படுத்துக்கொண்டு வந்தது. உள்ளே இருபது இருக்கும்போது வாயில் ஏழு சொன்னேன், மாப்பிள்ளை. விற்கிறவனிடம் வாங்குகிறவன் விலையைக் குறைத்துக் கேட்பது சரி, கட்டினவளிடம் வலியைக் குறைத்துச் சொல்லி நான் என்னத்தை லாபம் பார்த்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

நான் பெல்ட்டில் ஏழு சொன்ன அன்றிலிருந்து வீட்டம்மா அந்த அட்டையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள், அதாவது மனதுக்குள். நான் மாடிப்படி ஏறினால் மேலே நின்றுகொண்டு "எவ்வளவு?" என்பாள், செருப்பு மாட்டக் குனிந்தால் "எவ்வளவு?", அவள் தம்பி வீட்டுக்கு வருகிறான் என்று சொல்லிவிட்டு "இப்ப எவ்வளவு?" என்பாள். ஒரு நாள் படி ஏறி நின்று, பழிவாங்குகிற எண்ணத்தில், "என்னையே கேக்கறியே, உனக்கு எவ்வளவுன்னு சொல்லு பாப்போம்" என்றேன். விளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தாமலே, "அன்னையிலேருந்து பத்தொன்பது" என்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கடைசித் துணியையும் மடித்து அடுக்கிவிட்டு, "இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு, பதினாலு. நீங்க வாயைக் கொஞ்சம் மூடினா பன்னெண்டாவும்" என்றாள். மூடிக்கொண்டேன். சாப்பாடு வரைக்கும் மூடியிருந்தேன், என் சரித்திரத்தில் அது சாதனை.

அதற்கப்புறம்தான் தங்கச்சியோடு போனில் பேசினேன். நீங்கள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ஆறுலேருந்து இருபதுக்குள்ள ஒரு நம்பர் சொல்லு, உனக்கு எவ்வளவு பயமா இருக்கு?" என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்து நான் எதைக் கேட்டாலும் "ஏன், எதுக்கு, நீ முதல்ல சொல்லு" என்று எதிர்க்கேள்வி போடுகிறவள், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "இருபதுண்ணா" என்றாள், போனை வைத்துவிட்டாள். அன்றைக்குச் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அதனால் கேட்கிறேன், உங்கள் நம்பர் எவ்வளவு? எனக்குச் சொல்ல வேண்டாம், நான் ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்பது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அவளிடம் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். எழுந்து நடந்தால் தையல் பிரிந்து உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும் என்று எனக்கும்தான் தோன்றியது, எனக்குத் தையலே போடவில்லை, அப்படியும் தோன்றியது. எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்த வண்டியைப் போர்வை போட்டு மூடி நிறுத்தினால் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும், பக்கத்தில் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான் அந்தக் கூடமும் டிவியும் விசிலும். ஆபத்து என்று ஒன்றும் கிடையாது, இத்தனை நாளில் அங்கே ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்து நான் பார்த்ததில்லை, கொசு கடித்துக்கூடப் பார்த்ததில்லை. நானே அத்தாட்சி. நம்பரை நேராகச் சொல்லப் பழகியதும் என் நெஞ்சும் நானும் ஒரே கட்சிக்கு வந்துவிட்டோம், இப்போது பதின்மூன்று என்றால் பதின்மூன்று, டீச்சர் டிவியைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை காலை நான் பஸ் ஏறி அங்கே வருகிறேன். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பக்கத்து பெல்ட்டில் உங்களோடு நானும் நடக்கிறேன், விடமாட்டார்கள் என்றால் ஓரமாக நின்ற இடத்திலேயே நடக்கிறேன். கதவில் எழுதியிருப்பதை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே போவோம்.

தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம், அந்த இருபதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து இறக்குகிறோம் என்று அண்ணன் சொன்னதாகச் சொல்லவும். ஸ்பீக்கர் பெட்டிகளை என் சார்பில் ஒரு தட்டு தட்டி, ஐயா சீக்கிரம் வருகிறார் என்று ஆறுதல் சொல்லவும். உங்களுக்கு வயதில் மூத்தவன் என்ற முறையில் நீண்ட ஆயுளும், மச்சான் என்ற முறையில் அதில் பாதி நேரம் என் தொல்லையும் கிடைக்க வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உள்ளதை உள்ளபடி சொல்லும்
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போகிற வழியில், எங்கள் வகுப்பில் படித்துக் காட்டலாம் என்று கொண்டுபோனேன். எங்கேயும் போகாத சைக்கிளில் உட்கார்ந்து படித்தேன். ஹெட்மாஸ்டர் நன்றாக இருக்கிறது என்றார். 'ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்து' என்ற இடத்தில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன், கீழே விழுந்துவிட்டேன். சைக்கிளும் சாய்ந்து என் வலது கால் மேல் விழுந்தது. இந்த ஆஸ்பத்திரியில் அந்த சைக்கிளிலிருந்து விழுந்தது நான்தான் முதல் ஆள் என்று சொன்னார்கள். ஆகவே திங்கட்கிழமை என்னால் வர இயலாது, பக்கத்து பெல்ட்டில் தங்கச்சியை நடக்கச் சொல்லவும். வலி எவ்வளவு என்று டீச்சர் கேட்டார். ஏழு என்றேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டைவிரல் உடைந்திருக்கிறது.